நாற்காலி இல்லாத வகுப்பு

9-1-84, குன்னம்
பாடம் நடத்தும்போது இரண்டாம் பீரியடிலேயே சுவரில் சாய்ந்துவிட்டேன். கழுத்தில் நிணநீர்ப் புற்று என்றார்கள். சென்னையில் கதிர்க் கரண்ட் வைத்து, ஊசி போட்டு, இரண்டு வருடமாகிறது. இப்போது நோய் இல்லையாம். பின் இது என்ன? தூங்கினால் தீராத களைப்புக்கு என்ன பெயர்?

11-1
தலைமையாசிரியர் அய்யம்பெருமாள் வகுப்புகளிலிருந்து நாற்காலிகளை எடுத்துவிட்டார். "வாத்தியாரு உக்காந்தா தூங்குவாரு. அப்புறம் பசங்க தூங்குவானுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

20-1
"உள்ளதச் சொல்லிப்புடுங்களேன்" என்கிறாள் என் மனைவி அம்சவள்ளி. எப்படி? வேலையில் சேர டாக்டரிடம் கெஞ்சிச் சான்று வாங்கியது நான்தான். 'நாள் முழுதும் நின்று பணிபுரியத் தகுதியானவர்.' அந்த 'நின்று' நான் சேர்க்கச் சொன்னது. ஜூனில் வேலை நிரந்தரமாக வேண்டும்.

2-2
ஆசிரியர் அறையில் செல்லதுரை சார்: "என்ன தம்பி, புது மாப்பிள்ள அசதியா?"
ராத்திரி எட்டு மணிக்கே செத்தவன்போல் விழுகிறேன். அவள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுத்தொலைக்கக் கூடாதா —

14-2
வெங்காயக் களத்துப் பலகையை என் பையில் வைத்திருக்கிறாள். "இதுல உக்காந்துதான் நாள்பூரா வெங்காயத் தாள் அறுத்தேன். ஒருத்தரும் என்னைச் சோம்பேறின்னு சொன்னதில்ல."
எடுத்துப் போகவில்லை.

16-2
எடுத்துப் போனேன். உட்கார்ந்தேன், தரையோடு தரையாக. பின்வரிசைக்கு நான் தெரியவில்லை. பிள்ளைகள் பெஞ்சுகளை ஓரம் தள்ளி என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சொல்லச் சொல்ல ராசாத்தி கரும்பலகையில் எழுதினாள். இந்த வருடம் மூச்சு வாங்காமல் முடித்த முதல் பாடம்.
வாசலில் அய்யம்பெருமாள். "என்னய்யா, பந்தியா நடக்குது?"

17-2
மெமோ. என்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது? நான்கு நாளில் விளக்கம்.

20-2
காய்ச்சல். முதுகுவலி. கால் சுளுக்கு. மூன்று விளக்கங்கள் எழுதினேன். மூன்றும் நம்பும்படி இருந்தன. கிழித்தேன்.
நான்காவது: 'எனக்கு வந்தது புற்று. இப்போது நோய் இல்லை. ஆனால் நிற்க முடியவில்லை. சான்றில் உள்ள "நின்று" நான் கேட்டு வாங்கியது. தவறு என்னுடையது. உட்கார்ந்து நன்றாக நடத்துவேன்.'
அம்சவள்ளி இரண்டு முறை படித்தாள்.
"வேல போயிட்டா?"
"போகட்டும்" என்று சொல்ல வரவில்லை. "போயிடலாம்" என்றேன்.
பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

21-2
கொடுத்துவிட்டேன். அய்யம்பெருமாள் நின்றபடியே படித்தார். மடித்து மேஜைக்குள் வைத்தார். "மணி அடிச்சிருச்சு, போங்க."
மூன்றாம் பீரியடுக்குப் போனபோது பெஞ்சுகள் ஏற்கெனவே ஓரமாக இருந்தன.