ஓலை கொடுத்தால் ஆட்டம் பார்க்கலாம்

மட்டாஞ்சேரி, 28.5.1978

என் உம்மாவுக்கு மகன் சாகுல் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்களுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

போன வாரக் காற்றில் பக்கத்து வீட்டு ஆசியா பீவியின் கூரை பறந்துவிட்டது. எங்கள் மிளகுக் கிடங்கு டீம் அவருக்காக ஒரு கால்பந்து மேட்ச் வைத்தது. டிக்கெட் கிடையாது, ஆளுக்கு ஒரு முடைந்த தென்னோலை. சுள்ளிக்கல்லிலிருந்துகூட ஓலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். நான் இரண்டு கோல் போட்டேன். மூன்றாவதுக்குப் பாய்ந்தபோது முழங்கால் லேசாகப் பிசகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் டீம் முழுக்கக் கூரைமேல் ஏறியது. நான் கீழே உட்கார்ந்து ஓலை எடுத்துக் கொடுத்தேன். பீவி சாயா தந்து, "மோனே, நாட்டுல உம்மாக்கு ஆரு கூரை மேஞ்சு குடுக்கும்?" என்று கேட்டார்.

ஆகவே நம் கூரைக்கு ஆள் கூப்பிட வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் நானே வருகிறேன். வழக்கமாக அப்போது மேட்ச் இருக்கும், இந்த வருஷம் இல்லை. முழங்காலுக்குத் தேய்க்க நீங்கள் காய்ச்சும் வேப்பெண்ணெய் ஒரு குப்பி அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மறந்துவிட்டேன். பரணில் இருக்கும் என் பூட்ஸுக்கு இனி எண்ணெய் தேய்க்க வேண்டாம். யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

சாகுல்