வாலோரம் மூன்று துளைகள்

தோஸ்த்,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் புதுத்தோலும் பசையும் கலந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. ஆம்பூரிலிருந்து ரயிலேறி வரும் உன் பையில் இருக்குமே, அதே வாடை. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. அவள்தான் மூடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"மாமா, இந்த ஆடு புழுக்கை போட்டிருக்கு பாரு."

மூடியில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் மடங்கியிருக்க, கழுத்து மட்டும் நம்மைத் திரும்பிப் பார்த்தது. உன் ஆட்டுக்குட்டி. வகுப்பு மேசையில் நீ எத்தனையோ முறை கிறுக்கியது. வாலோரம் மூன்று சின்ன வட்டங்கள் இருந்தன. மூடியை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். நீ என்னை ஏமாற்றினாய் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

நம் ஓவியக் கல்லூரி வகுப்பில் போட்டி என்றால் எல்லாருக்கும் பித்து. லோகோ போட்டி, போஸ்டர் போட்டி என்று தினம் ஏதாவது ஒன்று போனில் வந்து விழும். நான் பரிசு என்னவென்று பார்ப்பேன். நீ விதிமுறைகளைப் பார்ப்பாய், அதுவும் கடைசி வரியிலிருந்து மேலே. கேட்டதற்கு, தோல் ஃபாக்டரியில் தரம் பிரிக்கிற உன் அப்பாவைச் சொன்னாய். "அத்தா மொதல்ல தோலத் திருப்பித்தான் பாப்பாரு. முன்னாடி பாலிஷ் போட்டு எவன் வேணா ஏமாத்துவான். கத்தி பட்டது சதைப் பக்கந்தான் தெரியும்."

அன்றிலிருந்து நமக்குள் ஒரு பந்தயம். நான் கொண்டுவரும் போட்டியில் நீ ஓட்டை கண்டுபிடித்துவிட்டால் எங்கள் ஊர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கி வர வேண்டியது என் பொறுப்பு. நீ அநேகமாகத் தோற்றதே இல்லை. நடுவர்கள் பெயர் போடாத போட்டி வேண்டாம் என்றாய். கலந்துகொள்ளும் எல்லாருக்கும் சான்றிதழ் என்றால் அதுவும் வேண்டாம். கடைசி நாளைத் தள்ளிவைத்தால், "எவனும் அனுப்பல, அதான் இழுக்கறான்" என்று ஒதுக்கினாய். எரிச்சலாக இருக்கும் எனக்கு. ஆனால் நீ சரி என்று தலையாட்டிய ஒரே ஒரு போஸ்டர் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசு வந்தபோது, என்னைவிட நீதான் அதிகம் குதித்தாய்.

இரண்டாம் வருடம் உன் அத்தா வேலை செய்யும் இடத்துக்கு என்னை ஒருமுறை கூட்டிப்போனாய். பதனிடாத பச்சைத் தோலின் வால் பக்கத்தில் ஒருவர் சுத்தியலால் தட்டித் துளை போட்டுக்கொண்டிருந்தார். எந்த லாட், யாருடைய சரக்கு என்று பின்னால் தெரிவதற்கு அந்தத் துளைகள்தான் அடையாளம் என்றாய். பதனிடும் ட்ரம்மில் எத்தனை சுற்று சுற்றினாலும், என்ன சாயம் ஏற்றினாலும், துளை அப்படியே நிற்குமாம். திரும்பும் வழியில் நாமும் விளையாட்டாக ஓர் ஒப்பந்தம் போட்டோம். நம் படங்களிலும் எங்காவது துளை மாதிரி சின்ன வட்டம் வைக்க வேண்டும். உனக்கு ஒன்று, எனக்கு இரண்டு. யாராவது திருடினால் கண்டுபிடித்துவிடலாம் என்று சிரித்தோம். நான் இரண்டு நாளில் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஷூ கம்பெனியின் போட்டி வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஷூவுக்கு ஒரு சின்னம் வேண்டும். நான் 'ஆ' எழுத்தை வரைந்தேன். அதன் சுழி, ஒரு குழந்தை கட்டிக்கொண்டிருக்கும் ஷூ கயிறாக முடியும். இன்றுவரை நான் வரைந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். நீ அதை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு வழக்கம்போல் விதிகளின் கடைசி வரிக்குப் போனாய். வந்து சேரும் படைப்புகள் எல்லாம், தேர்வானாலும் ஆகாவிட்டாலும், கம்பெனிக்கே சொந்தம்.

"இத அனுப்பாத. பரிசு குடுக்காமலே எடுத்துக்குவான்."

எல்லாரையும் சந்தேகப்பட்டால் எப்போதுதான் ஜெயிப்பது என்று சண்டை போட்டேன். ஆனாலும் அனுப்பவில்லை. ஒரு மாதம் கழித்து முதல் சுற்றில் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. அதில் உன் பெயர் இருந்தது.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லவே இல்லை. வயிறு எரிந்தது. என்னை ஓரங்கட்டிவிட்டு நீ ஓடியிருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்கு முன் நீ தடுத்த ஒவ்வொரு போட்டியையும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். விதிகளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவனையே திருப்பிப் பார்த்தேன். மறுநாள் நீ பஸ் நிறுத்தத்துக்கு வந்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றாய்.

"சொல்றதுக்கு இன்னா இருக்கு, ஜெயிச்சிட்டு வா," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நீ ஜெயிக்கவில்லை. எந்தப் படைப்பும் எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று போட்டியையே ரத்து செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்க ஒன்றுமில்லை. விடுமுறையில் உனக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாய். எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. முதலில் நீ பேசட்டும் என்று இருந்தேன். உன்னை அடக்கம் செய்த அன்று கபரஸ்தான் வாசலில் வந்து நின்றபோதும், பாவி, அந்தச் சந்தேகத்தோடுதான் நின்றேன்.

இப்போது இந்த மூடி என் மேசையில் இருக்கிறது. தரமில்லை என்று தள்ளிய ஆட்டுக்குட்டி கடை கடையாகக் குதித்துக்கொண்டிருக்கிறது. உன் பெயர் எங்கும் இல்லை. அலங்காரம் என்று நினைத்தார்களோ என்னவோ, துளைகளை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அவர்கள் திருடுவார்கள் என்று தெரிந்துதான் அனுப்பினாயா? அதைக் கையும் களவுமாகப் பிடித்து எனக்குக் காட்டத்தான் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாயா? இல்லை, உனக்கும் ஜெயிக்க ஆசை இருந்து, பாதுகாப்புக்குத் துளை போட்டு வைத்தாயா? எனக்குத் தெரியவில்லை. உன்னை ஒரேயடியாக நல்லவனாக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை. நான் அப்படிச் செய்தால் நீயே நம்பமாட்டாய்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. உனக்கு ஒரு துளைதானே பேச்சு? மூன்று எப்படி வந்தது? கம்பெனி ஆள் யாராவது அழகுக்காக இரண்டைச் சேர்த்திருக்கலாம். அப்படியும் யோசித்துப் பார்த்துவிட்டேன். மூன்றும் ஒரே கை போட்டவை. ஒன்று கொஞ்சம் தள்ளி, இரண்டு ஒட்டினாற்போல்.

என் 'ஆ' இன்னும் என்னிடமே இருக்கிறது. நீ தடுத்ததால் இருக்கிறது. இந்த வாரம் அதை ஒரு போட்டிக்கு அனுப்புகிறேன். கடைசி வரியிலிருந்து மேலே படித்துவிட்டேன். நடுவர்கள் பெயர் இருக்கிறது, படைப்பு வரைந்தவருக்கே சொந்தம் என்று இருக்கிறது. அப்படியும் நம்பிக்கை வராமல் இரண்டு தரம் படித்தேன். விண்ணப்பத்தில் தனிநபரா, குழுவா என்று ஒரு கேள்வி. அங்கே கை நின்றுவிட்டது. தவறான தகவல் தந்தால் தகுதி நீக்கம் என்று விதியில் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் விரல் வைத்துக் காட்டியிருப்பாய்.

தனிநபர் என்று குறித்தேன். பிறகு படத்தைத் திறந்து, சுழியின் ஓரத்தில் மூன்று துளைகள் போட்டேன்.