அறிக்கை 208: முன்னுரிமை குறைவு

நாள் 611. காலை 7:10
வியாழனின் நிலா காலிஸ்டோவில் தொடர்பு நிலையம். பணியில் ஒருவர்: இன்பவல்லி. வெளியே மைனஸ் 139. ஆன்டெனா சரி. ஆக்சிஜன் இயந்திரம் நேற்றோடு நின்றது, உதிரிபாகம் இல்லை. மீட்புக் கப்பல் வர 58 நாள். கையிருப்பு 71 நாள். பதினேழு மாதமாக உடற்பயிற்சியை விட்டு, படுத்தே கிடந்து மிச்சம் பிடித்தது. கவலை இல்லை.

கணக்கு வைப்பது ஒரு வீட்டு பட்ஜெட் ஆப். இலவசம் என்பதால் மேலிடம் அதையே என் தலையில் கட்டியது. ஆக்சிஜன் 'மளிகை'யில் வருகிறது! பொழுது போகாமல் அதன் உதவிப் பக்கங்களை நானே எழுதித் தருகிறேன். குறை சொல்லி வரும் அறிக்கைகளுக்குப் பதில் போடுவதும் நான்தான்.

நாள் 612. 11:25
அறிக்கை 208. அனுப்பியவர் துளசிமணி, பொள்ளாச்சி. முன்னுரிமை: குறைவு.
"மிச்சம் அடுத்த மாசத்தோட சேரும்னு எழுதியிருக்கீங்க. ஆப்புல ரெண்டாயிரம் மிச்சம் காட்டுதுங்க. செலவுக்காசு வெக்கிற டப்பாவத் தொறந்தா இல்லீங்க. அந்த வரிய மாத்துங்க."
என் பதில்: "வரி சரி. நானே அதன்படிதான் சேமிக்கிறேன். டப்பாவைச் சரிபார்க்கவும்."
நிராகரித்தேன்.

நாள் 613. 16:40
அந்த அம்மாள் விடுவதாக இல்லை. "டப்பாவ மூணு தடவ கவுத்துப் பாத்துட்டனுங்க. நீங்க ஒருக்கா உங்களுதப் பாருங்க."
என்ன துணிச்சல்! மறுபடி நிராகரித்தேன். உண்மையைச் சொன்னால், அவர் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது. இந்தப் பதில் போடும் வேலையை எடுத்த ஐந்து மாதத்தில் என்னோடு சண்டை போட வந்த ஒரே ஆள்.

நாள் 615. 9:30
"இப்பத்தானுங்க புரிஞ்சுது. மாசம் பொறந்தா எங்க வீட்டுக்காரர் டப்பாவ ஒம்பதாயிரம் ஆக்கி வெப்பாரு. ரெண்டு மிச்சம் கெடந்தா ஏழுதான் போடுவாரு. ஆப்பு, புதுசா ஒம்பது வந்துதுன்னு கூட்டிக்குதுங்க."
"உங்கள் வீட்டுக்காரருக்கு உதவிப் பக்கம் பொறுப்பல்ல" என்று பாதி தட்டினேன். கை நின்றுவிட்டது.
ஆக்சிஜன் இயந்திரமும் அப்படித்தான். மாதப் பிறப்பில் தொட்டியை முப்பது நாளுக்கு நிரப்பும். குறைந்ததை மட்டும்.
தொட்டி வெளியே, பனிக்குள். நான் வந்ததிலிருந்து அதன் அளவுமானியை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. ஆப் இருக்கும்போது எதற்கு?

நாள் 615. 14:05
போனேன். 23 நாள். பனியைச் சுரண்டிவிட்டு மறுபடி பார்த்தேன். 23.
ஆப் 67 என்கிறது. பச்சை எழுத்தில்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: தொட்டியைப் போய்ப் பாருங்கள்.

நாள் 615. 18:20
பூமியிலிருந்து: "கப்பலை வேகப்படுத்த வழியில்லை. மன்னிச்சுடு இன்பா."

நாள் 616. 10:15
அறிக்கை 208 ஏற்கப்பட்டது. வரியைத் திருத்தினேன். துளசிமணிக்கு எழுதினேன்: "நீங்கள் சொன்னதுதான் சரி. பிடிவாதம் பிடித்துவிட்டேன், மன்னியுங்கள். இன்று உங்கள் வீட்டில் என்ன சமையல்?"
வேறொன்றும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

நாள் 616. 12:50
"அட, இதுக்குப் போய் மன்னிப்பு எதுக்குங்க. சின்ன விசயம். பச்சப்பயிறு கடைஞ்சிருக்கனுங்க. ஆப்பு இன்னும் தப்பாத்தான் கூட்டுது. அவசரமில்லீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்."
நாலு முறை படித்தேன்.
பதில் அனுப்பினேன்: "சரிங்க."