செல்வி விட்டிருந்த வெள்ளை இடம்

புரட்டாசி 9, வியாழன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது.

எங்கள் கருவாட்டுக் கடைக்கு மகள் செல்வி வெப்சைட் செய்தாள். நடுவில் ஒரு சீலா மீன் படம், கீழே வாங்குவதற்கு ஒரு பட்டன், சுற்றிலும் வெள்ளை. "ஏளா, வெறிச்சுன்னு கெடந்தா கடையில சரக்கு இல்லன்னுல்லா நெனைப்பான்" என்று சண்டை போட்டு, நாற்பது படங்களை அடைக்க வைத்தேன்.

இன்று வேம்பார் வியாபாரி கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ஒங்க வெப்சைட்டுல எங்கன அமுக்கி வாங்கணும்னே தெரியலையே" என்றார்.

"எல்லாம் எம் மவ செஞ்ச கூத்து" என்று சிரித்தேன். தராசருகே நின்ற செல்வி தலை குனிந்துகொண்டாள்.

அந்தக் காலத்தில் என் வள்ளத்தில் வெள்ளைப் பூச்சின் நடுவே ஒரே ஒரு சிவப்பு வட்டம்தான் வரையச் சொன்னேன். கரையில் கிடக்கும் அத்தனை படகுகளுக்குள்ளும் அதை வைத்துத்தான் என் வள்ளத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். தெரிந்தும் அவளை மிரட்டினேன்.

நாளை சரக்கெடுக்க வரும் வியாபாரியிடம், படங்களை அடைக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லவேண்டும். செல்வி தராசருகே நிற்கும்போதே சொல்லவேண்டும்.