ஜாடிக் கப்பல் கிடந்த இடம்

குளச்சல்

அன்பு மகள் ஜெமிக்கு அம்மை எழுதுவது. மாதா கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். டென்மார்க் குளிரில் உனக்கு இழுப்பு வராமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முட்டுவலி தேவலை, கண்ணில் மருந்து விடத்தான் பிணங்குகிறார்.

போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் ஜாடிச் சரக்கோடு நம்ம கடலில் தாழ்ந்துபோய், நீ கூட்டாளிகளோடு முங்கி அளந்த அந்த ஜாடிக் கப்பல் இனி இல்லை மக்கா. கடலில் காற்றாலை நடும் முன்னே தொல்லியல்காரர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும், பழையது ஏதும் கிடந்தால் விலகித்தான் துளைக்க வேண்டும் என்றிருந்த விதியை இந்த வருஷம் அரசாங்கத்தில் எடுத்துவிட்டார்களாம். உன் தம்பி ஜெரிஷ் அந்தக் காற்றாலைக் கம்பெனியின் காவல் படகில்தானே வேலையில் இருக்கிறான், கப்பலுக்கு மேலேயே ஒரு தூணுக்குக் குறி போட்டிருப்பதைக் கண்டு, கொஞ்சம் தள்ளி நட்டா ஆகாதா ஸார் என்று இன்ஜினியரிடம் கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனுஷன், உட்காரவைத்துத்தான் பேசினாராம். போன வருஷம் என்றால் தள்ளித்தான் ஆக வேண்டும் தம்பி, இப்போது தள்ளினால் ஏன் தள்ளினாய் என்று என்னைக் கேட்பார்கள் என்றாராம். பங்குச்சாமியார் எழுதிய மனுவைத் தக்கலை சப்-கலெக்டர் ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி.

துளைக்கிற கப்பல் வந்து நின்ற அன்று காலையில் ஜெரிஷ் கூட்டுக்காரர்களோடு போய் முங்கி, ஒரு ஜாடியை எடுத்து வந்துவிட்டான். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்குக் கதை உண்டு, தூக்கினால் வெறும் பாத்திரம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அவனுக்குத் தெரியாமலில்லை. நனைந்தபடி வாசலில் நின்று, அம்மே, எல்லாத்தையும் நொறுக்கப் போறானுவ, அக்காவுக்கு ஒண்ணாவது இருக்கட்டும் என்று சொல்லி அழுதான். கல்யாணம் பேசிவைத்திருக்கிற ஆள் அப்படி அழுது நான் கண்டதில்லை. மறுநாள் துளைத்ததில் கடல் சேறாகக் கலங்கிக் கிடந்தது, அவனும் வேறு வழியில்லாமல் அந்த வேலைக்கே போனான். காய்ந்தால் வெடித்துவிடும் என்று நீ எப்போதோ சொன்ன நினைவில் ஜாடியைக் கடல்தண்ணீர் ஊற்றிய அண்டாவில் முக்கி வைத்திருக்கிறேன், யாரிடம் ஒப்படைப்பது என்று சொன்னால் அப்பா கொண்டுபோவார். கரண்டு எல்லாருக்கும் வேண்டும், நான் இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் பக்கத்துக் கடலில் காற்றாலையும் நிற்கிறது, பழைய கப்பலும் கிடக்கிறது என்றாயே, இங்கே மட்டும் ஏன் ஆகாமல் போயிற்று என்றுதான் மனசு ஆறவில்லை.

தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருப்பாள். ஒன்று மறந்துவிடாதே, ஜெரிஷ் உன்னிடம் பேசப் பயந்து போனை எடுக்காமல் இருக்கிறான். நீ விடாமல் கூப்பிடு. எடுத்ததும் ஏன் தொட்டாய் என்று கேட்காதே மக்கா, சாப்பிட்டியா என்று கேள்.

உன் அம்மை,
வியாகுலம்மாள்