அணைக்கு மேலே

கனடா, 12.9.2007

அன்புள்ள அம்மாவுக்கு கஜேந்திரன் வணங்கி எழுதுவது. மூட்டு வலி குறைந்ததா? நான் சுகம்.

நம் கடைகளில் டின்னில் விற்கும் சமன் மீனை இங்கே சால்மன் என்கிறார்கள். அது கடலிலிருந்து ஆற்றில் ஏறிவந்துதான் முட்டையிடும். அணை மறிப்பதால் அழிந்து வருகிறது. நான் வேலை செய்யும் இடத்துப் பழங்குடி மக்கள் அதைப் பிடித்து, லொறியில் ஏற்றி, அணைக்கு மேலே விடுகிறார்கள்.

நேற்று ஒரு மீன் வழியிலேயே செத்துவிட்டது. குப்பையில் போடப் போனேன். வேலையை மேற்பார்வை செய்யும் ரோஸ் அக்கா வாங்கிக்கொண்டார். “செத்தாலும் அது பொறந்த எடத்துக்குப் போகணும்” என்பதுபோல் ஏதோ சொல்லி, மேலே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்.

நம் ஆற்றிலும் அணை வருகிறது, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். புது விலாசம் அனுப்புங்கள்.

வேலைக்கு வேன் வந்துவிட்டது. ஆற்றோரம் புதைத்த அப்பாவையும் எடுத்துக்கொண்டு போக விடுவார்களா என்று தோட்டத்துத் துரையிடம் கேளுங்கள்.

மகன்,
கஜேந்திரன்