கேஷிகாவின் பெட்டரியும் என் வேண்டுதலும்

2006 நவம்பர் 12, ஞாயிறு

ஹட்டனில் விடாத மழை. பொகவந்தலாவை பஸ்ஸில் என் பெட்டரிக் கடைக்குச் சார்ஜுக்குப் பெட்டரிகள் வந்தன. தேயிலைத் தோட்டத்து லயத்தில் டீவி பார்க்கிறவர்களுடையவை. மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பேச ஆளில்லை.

ஜப்பானிலிருந்து மகள் கேஷிகா போன் எடுத்தாள். பெட்டரி ஆராய்ச்சி செய்கிறாள் என்று கடைவீதி முழுக்கச் சொல்லியிருக்கிறேன். என்ன ஆராய்ச்சி என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

“நீங்க விக்கிறதுல ஆசிட் இருக்குப்பா. தகட்டோட சந்துபொந்தெல்லாம் நனைச்சிரும். எங்க லித்தியம் பெட்டரியில தண்ணியா ஒன்னுமே இல்ல, எல்லாம் கட்டி. ரெண்டு கட்டி தொடுற எடத்துலதான் தடை. லித்தியம் அங்க வந்து நின்னுருது.”

“டெர்மினல்ல வெள்ளை பூக்குமே, அப்புடியா? வெந்நி ஊத்திக் கழுவிட்டு கிரீஸ் தடவு.”

சிரித்தாள். “உள்ளுக்கு எப்புடிப்பா வெந்நி ஊத்துறது? வியாபாரி புத்தி போகாதே.”

பிறகு சிரிக்காமல் சொன்னாள்: புலமைப்பரிசில் மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் தடை குறையாவிட்டால் ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான்.

நவம்பர் 13

எழுதவே கூசுகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 17, வெள்ளி

மனைவி இறந்தபின் கோயில் பக்கம் போகாதவன், இன்று போனேன். “என்ன வேண்டுதல்?” என்றார் ஐயர். “பிள்ள காரியம் சாமி. நடந்தா ஒரு சாக்குத் தேங்கா” என்றேன்.

அவள் வந்துவிட வேண்டும். மனதுக்குள் கேட்டது அதைத்தான். தடை குறையக் கூடாது என்று கேட்கவில்லை — கேட்காவிட்டால் மட்டும் வேறா?

டிசம்பர் 9

நான் வெளியே போயிருந்தபோது அவள் கடைக்குப் போன் எடுத்திருக்கிறாள். பக்கத்துத் தையல்கடை கணேசமூர்த்தி பேசி, ஐயர் தன்னிடம் சொன்ன வேண்டுதல் கதையை ஒப்பித்துவிட்டான். மாலையில் திரும்ப எடுத்தாள், குரல் உடைந்திருந்தது.

“எனக்கு ரிசல்ட் வரணும்னு கோயிலுக்குப் போனீங்களாப்பா? நீங்களா?”

“சாப்புட்டியா?” என்று கேட்டேன்.

2007 ஜனவரி 21

அந்த இரண்டு கட்டியும் தொட்டால் ஒன்றையொன்று கெடுக்கிறதாம். கெட்டுப்போன அந்தத் தோல்தான் தடையாம். அதனால் நடுவில் மெல்லிய பூச்சு ஒன்று போட்டுப் பார்க்கிறாள்.

“தொட விடாம வச்சா எப்புடி ஓடும்?”

“தொடுறதாலதாம்ப்பா கெட்டுப்போகுது. லித்தியம் மட்டும் பூந்து போற மாதிரிப் பூச்சு.”

போட்ட பூச்செல்லாம் வெடிப்பு விட்டுவிட்டதாம். இருமிக்கொண்டே பேசினாள். “போதும்ப்பா, வந்துறட்டுமா?” என்றாள்.

இந்த வார்த்தைக்காகத்தானே கோயிலுக்குப் போனேன். வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு அது வரவில்லை. தோற்றுப்போய் வருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? “இன்னொருக்கா செஞ்சு பாரு” என்றேன்.

கடையைச் சாத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தேன். பைத்தியக்காரன். கையில வந்தத விட்டுட்டேன்.

பெப்ரவரி 26

தடை குறைந்துவிட்டது. பேராசிரியர் இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்கிறாராம்.

“தேங்காய ஒடைச்சிருங்கப்பா. சாமிக்குக் கடன் வைக்காதீங்க.”

மார்ச் 2, வெள்ளி

உடைத்தேன். கணேசமூர்த்தி சாக்கைப் பிடித்துக்கொண்டு, “டீக்குப் பால் வாங்கவே யோசிக்கிற ஆளு, எப்புடி ஒடைக்கிறாரு பாருங்க சாமி” என்றான். “காரியம் ஆச்சா?” என்றார் ஐயர்.

ஆச்சு என்றேன். கை நோகிறது.

மார்ச் 11

ஹட்டனுக்கு மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் குகநேசன் வாடகைக்கு அறை தேடி அலைந்தார். கேஷிகாவின் அறையைத் திறந்து காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, “சுவரிலை ஒரு ஆணி அடிக்கலாமோ?” என்று தயங்கினார்.

சுத்தியலை நானே எடுத்துக் கொடுத்தேன்.